வீட்டிலிருந்தே கஸ்டமர் கால் எடுக்கப் போகிறீர்களா? மேசையை இப்படித் தயார் செய்யுங்கள்

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது, அதற்குள் வீட்டில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று மெயிலும் வந்துவிட்டது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் உடனே புது லேப்டாப் தேட ஆரம்பிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கையில் இருந்ததில் பெரும்பங்கு லேப்டாப்புக்கே போனது. மிச்சத்துக்கு ஒரு ப்ளூடூத் இயர்போன் வாங்கிக்கொண்டு, வைஃபையை நம்பி ஒரு காலி அறையில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள், ஒரு வயதான அம்மா தன் புகாரைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தம்பி, நீங்க பாத்ரூம்லேர்ந்தா பேசுறீங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பிய என் குரல் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் லேப்டாப் எவ்வளவு வேகம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த வேலையில் எதிர்முனைக்குப் போய்ச் சேருவது குரல் ஒன்றுதான். ஆகவே பணமும் கவனமும் முதலில் குரல் போகும் வழிக்குப் போகட்டும்: அறை, மைக், கேபிள், ரவுட்டர். கம்ப்யூட்டர் அதற்கு அப்புறம்தான். நான் கீழே சொல்லும் வரிசையும் அதுதான்.

வாங்குவதற்கு முன் கேளுங்கள்

எதையும் வாங்க வேண்டாம், இன்னும். முதலில் கம்பெனியிடம் உபகரணப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில கம்பெனிகள் கம்ப்யூட்டர், ஹெட்செட் எல்லாவற்றையும் அவர்களே பெட்டி கட்டி அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் எல்லாம் உங்கள் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில், "கம்ப்யூட்டர் உங்களுடையது, ஹெட்செட் எங்களுடையது" என்பதும் உண்டு.

உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர்தான் என்றால் எந்த விண்டோஸ், எவ்வளவு ரேம் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மேக் அல்லது குரோம்புக் ஏற்பார்களா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் ஏற்பதில்லை, ஏனென்றால் அவர்களுடைய சாஃப்ட்போனும் (கம்ப்யூட்டரிலேயே கால் பேச உதவும் மென்பொருள்) பாதுகாப்பு மென்பொருளும் விண்டோஸில் மட்டும்தான் சோதிக்கப்பட்டிருக்கும். அப்புறம் இவற்றையும் கேளுங்கள்: இணையம் கண்டிப்பாக கேபிள் வழியாகத்தான் இருக்க வேண்டுமா? ஹெட்செட்டில் குறிப்பிட்ட மாடல் உண்டா? லைன் போனால் மொபைல் டேட்டாவில் வேலை செய்யலாமா? கேமரா வேண்டுமா? கதவு உள்ள தனி அறை கட்டாயமா? பொருள் பழுதானால் செலவு யாருடையது? பட்டியல் வருவதற்கு முன் வாங்கிய இரண்டு பொருள்கள் என் அலமாரியில் இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை தேடுபவர்களைக் குறிவைக்கும் மோசடிகளில் உபகரணத்தின் பெயரைச் சொல்லி நடப்பது ஒன்று. "கம்ப்யூட்டர் வாங்க" என்று ஒரு காசோலை அனுப்புவார்கள். அதை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, "எங்கள் விற்பனையாளருக்கு" பணம் அனுப்பச் சொல்வார்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று வங்கி திருப்பிவிடும். நீங்கள் அனுப்பிய பணம் போனது போனதுதான். அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் வாங்க வேண்டும், அதுவும் இன்றைக்கே என்று யாராவது அவசரப்படுத்தினால், அது வேலையே இல்லை.

அறையும் மேசையும்

அறைக்கு நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ஒரு 'ணங்' காற்றில் நின்றால் எதிரொலி இருக்கிறது. வெறும் சுவரும் கண்ணாடியும் டைல்ஸ் தரையும்தான் இதற்குக் காரணம். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, சுவரோரம் ஒரு மெத்தை, துணி தொங்கும் திறந்த அலமாரி, எதை வைத்தாலும் குறையும். நீங்கள் பார்த்துப் பேசும் திசையில் இருக்கும் சுவரில்தான் முதலில் ஏதாவது போட வேண்டும், குரல் நேராகப் போய் மோதுவது அதில்தான்.

ஸ்பாஞ்சுப் பலகை ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. அது அறைக்குள் இருக்கும் எதிரொலியை மட்டும்தான் உறிஞ்சும். பக்கத்து அறைச் சத்தம் இடுக்கு வழியாக வருகிறது, முக்கியமாகக் கதவுக்கு அடியில். ஒரு தடித்த துண்டைச் சுருட்டிக் கதவடியில் வைத்துப் பாருங்கள், அதிலேயே சத்தம் கொஞ்சம் அடங்கும்.

மின்விசிறிக் காற்று மைக்கில் நேராக அடிக்கக் கூடாது. உங்களுக்கு அது சுகமான காற்று, எதிர்முனையில் இருப்பவருக்குப் புயல். விசிறியை நிறுத்த முடியாது என்றால் மேசையை நகர்த்துங்கள்.

உட்காரும் விதம் பற்றிச் சுருக்கமாக. முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கிக் கை மேசையில் படிய வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்தால் எட்டு மணி நேரமும் குனிந்தபடிதான் இருப்பீர்கள். நாலு தடித்த புத்தகத்தின் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கீபோர்டு 'டக டக' என்று சத்தம் போடாததாக இருக்கட்டும், மைக் அதையும் விடாமல் பிடிக்கும்.

திரை ஜன்னலைப் பார்த்தோ நடமாடும் வழியைப் பார்த்தோ இருக்கக் கூடாது. இது கண் கூசுவதற்காக மட்டும் சொல்வதில்லை. வாடிக்கையாளர்களின் முகவரி, கணக்கு விவரம் எல்லாம் அந்தத் திரையில் வரும். அட்டை வழியாகப் பணம் வாங்கும் வேலை என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அட்டை நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளின்படி, அட்டையில் உள்ள மூன்று இலக்கப் பாதுகாப்பு எண்ணைப் பணம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு எங்கும் வைத்திருக்கக் கூடாது. பல கம்பெனிகள் மேசையில் பேனாவும் தாளுமே இருக்கக் கூடாது என்பது இதனால்தான். குரல் கேட்டு இயங்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் அந்த அறையில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

இணைய லைன்: வேகத்தை விட நிதானம்

"எங்க வீட்ல 200 மெகாபிட் லைன், எனக்கென்ன கவலை" என்று சொன்னவர்கள் முதல் வாரமே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குரல் அழைப்புக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. தொலைபேசி உலகில் பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். அதைச் சின்னச் சின்னப் பொதிகளாக (பாக்கெட்) கட்டி அனுப்பும் சுமையையும் சேர்த்தால் ஒரு திசைக்குச் சுமார் 90 கிலோபிட். அதாவது ஒரு மெகாபிட்டுக்குள்ளேயே பத்து அழைப்பு அடங்கும். திரையில் ஓடும் மென்பொருள், கம்பெனி நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன், பயிற்சி வீடியோ இவற்றுக்குத்தான் மிச்ச வேகம்.

குரலைக் கெடுப்பது வேறு மூன்று விஷயங்கள். ஒன்று, தாமதம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. 400 மில்லிநொடியைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவது, ஜிட்டர். தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவது. 30 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது. மூன்றாவது, பொதிகள் வழியிலேயே தொலைவது. நூற்றுக்கு ஒன்று தொலைந்தாலே வார்த்தை அங்கங்கே விழுங்கப்பட்டது போல் கேட்கும்.

வேகப் பரிசோதனைத் தளத்தில் வரும் பெரிய எண் இந்த மூன்றில் எதையும் சொல்லாது. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8, மறுபடி இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கில 'டி' எழுத்தும் தட்டி என்டர் அடியுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. வரிசையாக வரிகள் ஓடும், ஒவ்வொன்றிலும் போய்வர ஆன மில்லிநொடி இருக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, கன்ட்ரோலும் 'சி'யும் சேர்த்து அழுத்தினால் நின்று, எத்தனை தொலைந்தது, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று கணக்குக் காட்டும்.

22, 23, 22, 24 என்று ஓடினால் நிம்மதி. 22, 25, 190, 23, 310 என்று துள்ளினால் சிக்கல். சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்க, அதே கட்டளையை உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்புங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். ரவுட்டர் உங்கள் பக்கத்திலேயே இருப்பது. கேபிளில் அது ஒரு மில்லிநொடியில் பதில் சொல்ல வேண்டும். அதுவே துள்ளினால் குற்றம் வீட்டுக்குள். ரவுட்டர் வரை சீராக இருந்து, அதற்கு அப்பால் துள்ளினால் லைன் கொடுப்பவரிடம் புகார் சொல்லலாம். இந்த எண்களோடு பேசினால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதைத் தாண்டி விஷயம் நகரும்.

வீட்டுக்குள் குற்றம் என்றால் பத்தில் ஒன்பது முறை வைஃபைதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே முட்டிக்கொள்கின்றன. படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அது முன்கூட்டியே சில நொடிகளைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பேச்சை அப்படிச் சேமித்து வைக்க முடியாது. அதனால் கேபிள் போடுங்கள். கேட் 5இ போதும், கேட் 6 கிடைத்தாலும் சரி. 100 மீட்டர் வரை இரண்டும் வீட்டுத் தேவைக்குத் தாராளம். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். கேபிள் வழியே இல்லை என்றால் மட்டும், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

கேபிளைச் செருகும்போது ஒரு 'டிக்' கேட்க வேண்டும். முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு பிடித்துக்கொள்ளும் சத்தம் அது. என் நாற்காலிச் சக்கரம் ஒருநாள் அதன் மேல் ஏறி நாக்கு உடைந்துவிட்டது. பார்வைக்குச் செருகியபடியேதான் இருந்தது. நான் காலை அசைத்தால் மட்டும் அழைப்பு கட் ஆகும். மூன்று நாள் விபிஎன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கேபிள் சுவரோரமாக, நாற்காலி போகாத வழியில் போகிறது.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் இன்னொருவரைப் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள். 22 இருந்த இடத்தில் 400 வந்தால், ரவுட்டரின் வாசலில் பொதிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று அர்த்தம். போன்களில் தானாக நடக்கும் போட்டோ பேக்கப்தான் வழக்கமான குற்றவாளி. ஷிஃப்ட் நேரத்தில் அதை நிறுத்தி வையுங்கள். ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற வசதி இருந்தால், உங்கள் வேலைக் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஹெட்செட்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

கடைப் பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, வெளிச்சத்தம் உங்கள் காதுக்கு வராமல் தடுப்பது. பாட்டுக் கேட்கும் ஹெட்போன்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, உங்களைச் சுற்றியுள்ள சத்தம் வாடிக்கையாளர் காதுக்குப் போகாமல் மைக்கில் தடுப்பது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தெருவில் நாய் குரைப்பது உங்களுக்குக் கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும். நீங்கள் பாட்டுக்கு அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ப்ளூடூத் ஏன் சரிவராது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பாட்டுக் கேட்கும்போது அது உயர்தர ஒலி முறையில் ஓடும். மைக்கைத் திறந்த அந்த நொடியே பேச்சுக்கான வேறு முறைக்குத் தாவிவிடும். பழைய வகையில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகளாகச் சுருங்கும், கொஞ்சம் புதியதில் 16,000. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்பது இதனால்தான். போதாததற்கு, ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சார்ஜ் தீரும்.

ஆகவே கேபிள் உள்ள யுஎஸ்பி ஹெட்செட். 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகுவது கம்ப்யூட்டரின் உள் ஒலிச் சில்லை நம்பியது. அதில் இரைச்சல் இருந்தால் உங்கள் குரலோடு சேர்ந்து போகும். யுஎஸ்பி வகையில் ஒலிச் சில்லு ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. மைக் ஒரு கோலில் வாய்வரை வர வேண்டும். கேபிளிலேயே மியூட் பொத்தான் இருந்தால், தும்மல் வரும்போது மவுஸைத் தேட வேண்டியதில்லை.

ஒரு காதா, இரண்டு காதா? வீட்டில் சத்தம் அதிகம் என்றால் இரண்டு. குழந்தை அழுவதையோ அழைப்பு மணியையோ கவனிக்க வேண்டியவர்களுக்கு ஒரு காது வகை வசதி, அதுவும் அவ்வப்போது பக்கம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு காதையும் மூடினால் நம் குரல் நமக்கே கேட்காமல் கத்த ஆரம்பிப்போம். நம் குரலை லேசாக நம் காதிலேயே கேட்கவைக்கும் சைட்டோன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு மணி நேரம் மாட்டப்போவது, அதனால் எடை குறைந்ததாகவும் இருக்கட்டும். காதுப் பஞ்சு கழற்றி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள். பஞ்சுதான் முதலில் போகும்.

மைக்கை வைக்கும் இடத்தில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். உதட்டோரத்தில், கன்னத்தை ஒட்டி, இரண்டு விரல் இடைவெளியில், வாயை விடக் கொஞ்சம் கீழே. நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'டப்' என்று காற்று அடிக்கும். 'பில் பாக்கி எப்போது' என்று சொல்லிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மூக்குக்கு நேர் கீழே வைத்தாலும் ஆகாது. நாம் அமைதியாக இருக்கும்போது நம் மூச்சு மட்டும் அவர் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேம் 8 ஜிபியில் தள்ளலாம், 16 இருந்தால் திணறாது. ஹார்டு டிஸ்க் பழைய சுழலும் வகையாக இருந்தால், மற்ற எதையும் விட முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். கம்பெனியின் கணினிக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து வேலை செய்யும் முறை என்றால், உங்கள் கம்ப்யூட்டர் வெறும் ஜன்னல்தான், சாதாரணமானதே போதும்.

இரண்டாவது மானிட்டர் ஆடம்பரம் போலத் தெரியும். வாடிக்கையாளர் கணக்கு ஒரு திரையில், தேடிப் படிக்க வேண்டிய விதிமுறைகள் மறு திரையில் என்று வைத்துப் பழகிவிட்டால் அப்புறம் விடமாட்டீர்கள். ஒரே கம்ப்யூட்டரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்துவதானால், ஆபீஸுக்கென்று விண்டோஸில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள்.

கரன்ட் போனால்

லேப்டாப்புக்குத் தன் பேட்டரி உண்டு. ரவுட்டருக்கு இல்லை. எனவே யுபிஎஸ் முதலில் ரவுட்டருக்கு. ஃபைபர் லைன் என்றால் பல வீடுகளில் இன்னொரு பெட்டியும் இருக்கும், சுவரில் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி. அதை நான் மறந்துவிட்டேன். முதல் முறை கரன்ட் போனபோது வைஃபை முழுக் கோட்டையும் காட்டியது, நெட் மட்டும் இல்லை. ரவுட்டர் உயிரோடு இருந்தது, அதற்குத் தீனி போடும் பெட்டி செத்திருந்தது. இரண்டையும் சேர்த்து யுபிஎஸ்ஸில் செருகுங்கள்.

கணக்கும் எளிதுதான். சிறிய யுபிஎஸ்களில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. மாற்றும்போது பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், மொத்தமாக 20 வாட் இழுக்கும் இரண்டு பெட்டிகளுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். அதிலேயே டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் மாட்டினால் நிமிடக் கணக்குக்கு வந்துவிடும். யுபிஎஸ் மேல் போட்டிருக்கும் 'விஏ' என்பது வாட் இல்லை, வாட் அதைவிடக் குறைவாகவே இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். அந்த பேட்டரி சில வருடங்களில் சத்தமில்லாமல் தளர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வேலை இல்லாத நேரத்தில், சுவர் பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

லைனே அறுந்தால் மொபைல் போன். வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் அலை மோதலும் இல்லை, போனும் சார்ஜ் ஆகும்.

மாற்ற வேண்டிய செட்டிங்குகள்

புது ஹெட்செட் பேச்சின் நடுவில் திடீரென்று செத்துப்போய், கழற்றிச் செருகினால் உயிர் பெறுகிறதா? பெரும்பாலும் பழி ஹெட்செட்டின் மேல் இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் அந்த யுஎஸ்பி துளையைத் தூங்கவைத்திருக்கும். டிவைஸ் மேனேஜருக்குப் போய், யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஹெட்செட்டைப் பல துளை கொண்ட ஹப்பில் மாட்டாமல் நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள்.

கம்ப்யூட்டர் தானாக ஸ்லீப்புக்குப் போவதை நிறுத்துங்கள். அப்டேட் உங்கள் ஷிஃப்ட் நடுவே ரீஸ்டார்ட் செய்யாதபடி, வேலை நேரத்தை ஆக்டிவ் ஹவர்ஸில் குறித்துவிடுங்கள். ஒலி செட்டிங்கில் மைக், ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஹெட்செட்டையே தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக்கை முடக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் என்றாவது ஒருநாள் சாஃப்ட்போன் சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும். பிரவுசரில் ஓடும் சாஃப்ட்போன் என்றால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்து ஐகானைத் தட்டி மைக் அனுமதி 'அலவ்' என்று இருக்கிறதா பாருங்கள்.

ரவுட்டரின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

முந்தைய நாள் ஒத்திகை

ஷிஃப்ட் எந்த நேரமோ அதே நேரத்தில் உட்காருங்கள். மாலை நேர ஷிஃப்டுக்குக் காலையில் சோதித்துப் பயனில்லை, நெட்டுக்கும் தெருவுக்கும் நெரிசல் நேரம் வேறு. வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் இருக்கட்டும், யாரையும் அடக்க வேண்டாம். கம்ப்யூட்டரிலிருந்து ஏதாவது ஒரு கால் வசதி வழியாக நண்பர் ஒருவரை அழைத்து, பத்து நிமிடம் பேசுங்கள். "கேக்குதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "கேக்குது" என்றுதான் சொல்வார்கள். ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணை ஒரே மூச்சில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எண் தப்பாக வந்தால் மைக்கையும் லைனையும் மறுபடி பாருங்கள். பேச்சின் நடுவே ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி மொபைலுக்கு மாறிப் பாருங்கள். மறுபடி லாகின் ஆக எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துகொண்டால், நிஜமாக நடக்கும்போது கை நடுங்காது.

அழைப்பு தடுமாறினால்

ஐடி சப்போர்ட்டிடம் "கால் சரியில்லை" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எப்படிச் சரியில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. விட்டு விட்டுக் கேட்டால் நெட்டைப் பாருங்கள், கேபிளில் தொடங்கி. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது, மைக் அனுமதியும் மியூட்டும் சரியாகவே இருக்கின்றன என்றால், ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்றொரு வசதி உண்டு, அது பல சாஃப்ட்போன்களைக் குழப்பும், அணைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்கிறது என்றால் உங்கள் காதுப் பக்கத்து ஒலி அதிகமாகி மைக்குக்குள் கசிகிறது, வால்யூமைக் குறையுங்கள். 'கர கர' என்றால் வேறு யுஎஸ்பி துளை. எதுவானாலும் மணி, நிமிடத்தோடு குறித்து அனுப்புங்கள், அந்த நேரத்து லாகைத் தேடி எடுப்பது அவர்களுக்குச் சுலபம்.

இவ்வளவு செய்தாலும் என்றாவது ஒருநாள் கட் ஆகத்தான் போகிறது. அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யலாம். பெயர் கேட்டதும் அடுத்த கேள்வியாக, "லைன் கட் ஆனா நானே கூப்பிடுறேன், எந்த நம்பர்ல கூப்பிடட்டும்?" என்று கேட்டு, கணக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டு, அப்புறம் பிரச்சினை என்னவென்று கேளுங்கள்.